கடைக்கு மின் நிறுவனத்தை மாற்றச் சம்மதித்தேன். இப்போது பழையதும் விடவில்லை, புதியதும் விடவில்லை

வாசகரின் கடிதம் நான்கு பக்கம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு சிறிய மளிகைக் கடையை ஏழு மாதங்களுக்கு முன் இவர் லீசுக்கு எடுத்தார். கடையில் இவரும் இவருடைய மனைவியும், பகுதி நேரமாக ஒருவரும் வேலை செய்கிறார்கள். குளிர்பெட்டிகள் இரவு பகலாக ஓடுவதால் நாளொன்றுக்குச் சுமார் 90 யூனிட் மின்சாரம் செலவாகிறது. கடைக்கு வந்தபோது எந்த மின் நிறுவனத்துடனும் இவர் ஒப்பந்தம் செய்யவில்லை. முந்தைய கடைக்காரருக்கு மின்சாரம் விற்றுவந்த நிறுவனமே யூனிட்டுக்கு 41 பென்ஸ் வீதம் பில் அனுப்பியது. நான்கு மாதம் கட்டினார். பிறகு, ‘நான் கையெழுத்தே போடவில்லையே’ என்ற கோபத்தில் கட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது 6,500 பவுண்டு நிலுவை என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் சுமார் 2,300 பவுண்டு தாம் வருவதற்கு முந்தைய காலத்துக்கானது என்கிறார்.

இதற்கிடையில் ஒரு தரகர் தொலைபேசியில் அழைத்தார். யூனிட் 29 பென்ஸுக்குக் கிடைக்கும், சேவைக்குக் கட்டணம் எதுவும் இல்லை, பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதாக வாசகருக்கு நினைவு. வேகமாக வாசிக்கப்பட்ட சில வாக்கியங்களுக்கு ‘ஆம்’ சொன்னார். மூன்றாம் நாள், வேறொரு நிறுவனம் நேரடியாகவே 25 பென்ஸுக்குத் தருவது தெரியவந்து, ஒப்பந்தம் வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினார். ‘இது மூன்றாண்டு வணிக ஒப்பந்தம், ரத்துச் செய்ய இயலாது’ என்று பதில் வந்தது. அதே வாரத்தில் பழைய நிறுவனம், நிலுவையைக் காரணம் காட்டி, மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவித்துவிட்டது.

கடைக்கு மேலே உள்ள அறையையும் இவர் வாடகைக்கு விட்டிருக்கிறார். அதற்குத் தனி மீட்டர் இல்லை. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 50 பென்ஸ் வாங்குகிறார். ‘நான் யாருக்குக் கட்டுவது? எதை விடுவது? நடுவில் மின்சாரம் நின்றால் குளிர்பெட்டியில் உள்ள சரக்கெல்லாம் என்னாவது?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அச்சம் உங்களை அவசர முடிவுகளுக்குத் தள்ளுகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. நிறுவனத்தை மாற்றுவதால் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்காது. உங்கள் கடைக்கு வரும் கம்பியும் மீட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பும் உங்கள் பகுதியின் வலையமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. நீங்கள் மாற்றுவது அந்தக் கம்பி வழியே வரும் மின்சாரத்துக்கு யார் கணக்கு எழுதிப் பணம் வாங்குவது என்பதை மட்டுமே. பிரிட்டனில் மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1990இல் பெரிய தொழிற்சாலைகளுக்குத் தொடங்கி, 1999 அளவில் வீடுகள், சிறு கடைகள் வரை வந்து முடிந்தது. மின்சாரம் நிற்கக்கூடிய ஆபத்து வேறொரு பக்கத்திலிருந்து, அதாவது நீங்கள் கட்டாமல் விட்ட பணத்திலிருந்து வருகிறது.

கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் உண்டு

‘நான் கையெழுத்தே போடவில்லை, ஆகவே நான் கடன்பட்டவன் அல்ல’ என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்க முடியாது. எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஒருவர் ஓர் இடத்துக்குக் குடிவந்து, யாருடனும் பேசாமல் மின்சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கினால், அந்த இடத்துக்கு அப்போது மின்சாரம் வழங்கிவரும் நிறுவனத்துடன் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவே 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை கொள்கிறது. ‘டீம்டு’ ஒப்பந்தம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். இதன் விலை பெரும்பாலும் பேசி முடிக்கும் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். வீடுகளுக்கு ஆஃப்ஜெம் ஒழுங்குமுறை அமைப்பு விதிக்கும் விலை உச்சவரம்பு கடைகளுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் அந்த வரம்பைச் சுட்டுகிறீர்கள்.

ஆனால் இந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. முன்னறிவிப்போ விலகல் கட்டணமோ இல்லாமல் எந்த நாளிலும் இதைவிட்டு விலகலாம். அதாவது, கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்க முடியும். யாரும் தடுத்திருக்க முடியாது. தடை உருவானது நீங்கள் பில் கட்டுவதை நிறுத்திய பிறகுதான். நிலுவை இருக்கும்போது மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கப் பழைய நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

முந்தைய கடைக்காரரின் கடன்

நீங்கள் சொல்லும் 2,300 பவுண்டு விஷயத்தில் பொதுவான விதி உங்கள் பக்கம் இருக்கிறது. மின் கட்டணக் கடன் ஆளைச் சேர்ந்தது. கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்கு வருவதில்லை. நீங்கள் பொறுப்பேற்ற நாளுக்கு முன்பு செலவான யூனிட்டுகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் கடிதம் அதைப் பற்றி மௌனமாக இருப்பதால் கேட்டே ஆகவேண்டும். நீங்கள் வாங்கியது கடையின் லீசையும் சரக்கையுமா, அல்லது முந்தையவர் நடத்திவந்த லிமிடெட் கம்பெனியின் பங்குகளையா? மின் கணக்கு அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்து, நீங்கள் பங்குகளை வாங்கியிருந்தால், கணக்குதாரர் மாறவே இல்லை, உரிமையாளர்தான் மாறியிருக்கிறார். அப்போது பழைய கடனும் கம்பெனியோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்துவிடும். விற்பனை ஆவணத்தில் அதற்கு ஈடு தருவதாக முந்தையவர் உறுதி அளித்திருந்தால் அவரிடம் கேட்கலாம், ஆனால் மின் நிறுவனத்திடம் அந்த வாதம் செல்லாது. இதுபோன்ற கைமாற்றங்களில் கணக்காளர் சொன்ன யோசனைப்படி கம்பெனியையே வாங்கிவிட்டு, அதன் விளைவு பில் வடிவில் வரும்போது திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆவணத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

லீஸ் மட்டுமே உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், லீசின் முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும், கவுன்சிலிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த முதல் பிசினஸ் ரேட்ஸ் (கடை இடத்துக்கான உள்ளாட்சி வரி) பில், சாவி கைமாறிய நாளைக் காட்டும் மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, குடிமாற்றத்தைப் பதிவு செய்து கணக்கை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிக்கும்படி பழைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். முதல் நாளில் மீட்டர் அளவைக் குறித்துவைக்காமல் விட்டது வருத்தத்துக்குரியதுதான். உங்கள் மீட்டர் ஸ்மார்ட் மீட்டராக இருந்தால் அந்த நாளின் அளவு நிறுவனத்திடமே இருக்க வாய்ப்பு அதிகம், அதைக் கேளுங்கள். பழைய வகை மீட்டராக இருந்தால், அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு உண்மையான அளவுகளுக்கு இடையிலான நாள் சராசரியைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். முந்தையவர் காலத்திலும் அதே குளிர்பெட்டிகள் ஓடியிருந்தால் இந்தச் சராசரியை மறுப்பது அவர்களுக்கு எளிதல்ல.

மிச்சமுள்ள சுமார் 4,200 பவுண்டு உங்களுடையது. மூன்று மாதம், நாளுக்கு 90 யூனிட், 41 பென்ஸ், அதோடு பயன்பாடு எவ்வளவானாலும் நாள்தோறும் சேரும் நிலைக் கட்டணமும் வாட் வரியும் சேர்ந்தால் ஏறத்தாழ அந்தத் தொகைதான் வருகிறது. இதைக் கட்டுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் தவணைத் திட்டம் கேளுங்கள். ஆனால் தவணையை ஏற்றுக்கொண்டதும் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்சேபமும் தொடர்வது உண்டு. அந்த நிலையில் கடைசித் தவணை முடியும்வரை நீங்கள் 41 பென்ஸிலேயே கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடன் சுமை இதைவிடப் பரந்ததாக இருந்தால், சிறு தொழில் செய்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தரும் பிசினஸ் டெட்லைன் அமைப்பை அணுகுங்கள்.

கட்டவேண்டியதைக் கட்டி, மறுப்பதை எழுத்தில் மறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டணம் செலுத்தாத இடத்தின் மின்சாரத்தைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அதே ஆறாவது அட்டவணை அதிகாரம் தருகிறது. ஆனால் உண்மையாகவே தகராறில் உள்ள தொகைக்காக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்றும் அதுவே சொல்கிறது. மொத்தத் தொகையையும் கட்டாமல் மௌனமாக இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். மேலே ஒருவர் குடியிருக்கிறார் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பதினான்கு நாள் என்பது யாருக்கு

வீட்டுக்காக ஒருவர் தொலைபேசியில் ஒப்பந்தம் செய்தால், 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தரும் உரிமை அது. அந்த விதிகளின்படி நுகர்வோர் என்பவர், முழுவதுமாகவோ பெரும்பகுதியோ தம் தொழிலுக்குப் புறம்பான தேவைக்காக வாங்கும் தனிநபர். கடைக்காக வாங்கும்போது நீங்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டீர்கள். மூன்றாம் நாளே எழுதினீர்கள் என்பதால் சட்டப்படி எதுவும் மாறவில்லை. தொலைபேசியில் சொன்ன ‘ஆம்’ என்பதற்கும் காகிதத்தில் போட்ட கையெழுத்துக்கும் ஒப்பந்தச் சட்டத்தில் வேறுபாடு இல்லை.

இதைப் படித்ததும் கதவு அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குத் திறக்கக்கூடிய கதவு வேறு. விலகும் உரிமை சட்டத்தில் இல்லாதபோது, இருப்பதாகத் தரகர் சொல்லி, அதை நம்பித்தான் நீங்கள் சம்மதித்தீர்கள் என்றால், அது உண்மைக்கு மாறான கூற்றால் பெற்ற சம்மதம். 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டமும் அதற்கு முந்தைய வழக்குச் சட்டமும் இரண்டு பரிகாரங்களைத் தருகின்றன: ஒப்பந்தத்தையே ரத்துச் செய்வது, அல்லது இழப்பீடு பெறுவது. முதலாவது எளிதில் கைநழுவும். உண்மை தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தின்படியே நடந்துகொண்டால், அதை நீங்கள் உறுதிப்படுத்திவிட்டதாகக் கொள்ளப்படும். இழப்பீட்டு உரிமை அப்படிச் சட்டென்று போய்விடாது.

நிறுவனத்தின் பதில் என்னவாக இருக்கும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். ‘தரகர் எங்கள் ஆள் அல்லர், உங்கள் முகவர், அவர் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்பார்கள். இந்த வாதம் சில வழக்குகளில் எடுபடும், சிலவற்றில் எடுபடாது. தரகருக்குப் பணம் கொடுத்தது யார், விற்பனை வாசகத்தை எழுதிக் கொடுத்தது யார் என்பவற்றைப் பொறுத்தது. அதனால் சொன்னது என்ன என்பதற்கான சான்று முதலில் வேண்டும்.

அந்தச் சான்று ஒலிப்பதிவு. தரகரிடமும் புதிய நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிவில் இருப்பது உங்கள் குரல், ஆகவே தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்களைப் பற்றிய தனிநபர் தரவு. பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமின்றித் தரவேண்டும். கேட்கும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். ‘ஒப்பந்த அழைப்பு’ என்று கேட்டால், வேகமாக வாசித்த அந்தச் சில நிமிடப் பகுதி மட்டும்தான் வரும். அதில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இனிக்க இனிக்கப் பேசியது அதற்கு முந்தைய அழைப்பில். ஆகவே ‘என்னுடன் நடந்த எல்லா அழைப்புகளும், தேதி நேரத்துடன்’ என்று எழுதுங்கள்.

‘இலவச’ச் சேவையின் விலை

தரகருக்கு நீங்கள் காசோலை எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய தரகு உங்கள் யூனிட் விலைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் நிலையில் உள்ள குறுந்தொழில் ஒப்பந்தங்களில், தரகுத் தொகையை ஒப்பந்தத்தின் முதன்மை விதிகளில் காட்டவேண்டும் என்று 2022 அக்டோபர் முதல் ஆஃப்ஜெம் விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் முதல் அது எல்லா வணிக வாடிக்கையாளர்களுக்கும் விரிந்தது. நீங்கள் இணைத்து அனுப்பிய ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தில் அது இருக்கிறது: மூன்றாண்டுக்கு 2,970 பவுண்டு. ஆண்டுக்கு 33,000 யூனிட் என்று வைத்து வகுத்தால், யூனிட்டுக்குச் சரியாக 3 பென்ஸ். உங்கள் 29 பென்ஸுக்கும் வெளியே கிடைத்த 25 பென்ஸுக்கும் இடையிலுள்ள 4 பென்ஸில் முக்கால் பங்கு தரகரைச் சேர்கிறது.

தரகர் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. நல்ல தரகர்கள் விலையை அலசி, ஒப்பந்தம் முடியும் தேதியை நினைவூட்டி, பில் பிழைகளைத் திருத்தித் தந்து அந்தப் பணத்துக்கு உழைக்கிறார்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்புக்கு மூவாயிரம் பவுண்டு என்பதுதான் என்னை உறுத்துகிறது. தரகர் உங்களிடம் ‘அதிகாரக் கடிதம்’ ஒன்றில் கையெழுத்து வாங்கினாரா என்றும் பாருங்கள். கணக்கு விவரங்களைக் கேட்டறிய மட்டும் அனுமதிக்கும் கடிதமும் உண்டு. உங்கள் சார்பில் ஒப்பந்தமே செய்ய அனுமதிக்கும் கடிதமும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் வகை என்றால் உடனே எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

காத்திருக்கலாமா, எத்தனை நாள்

இப்போது கணக்கு. மூன்று விலைகளையும் ஓராண்டு முழுவதற்கும் வைத்துப் பார்த்தால், வரியும் நிலைக் கட்டணமும் நீங்கலாக, 41 பென்ஸுக்கு 13,530 பவுண்டு, 29 பென்ஸுக்கு 9,570 பவுண்டு, 25 பென்ஸுக்கு 8,250 பவுண்டு ஆகிறது. புதிய ஒப்பந்தத்திலேயே மூன்றாண்டும் இருந்துவிட்டால், வெளிச்சந்தை விலையோடு ஒப்பிடும்போது உங்களுக்கு 3,960 பவுண்டு இழப்பு. பழைய விலையில் ஓராண்டு தங்கினால், புதிய ஒப்பந்தத்தோடு ஒப்பிடும்போது அதே 3,960 பவுண்டு இழப்பு. நாள் கணக்கில் அது 10 பவுண்டு 80 பென்ஸ்.

ஒலிப்பதிவுக்காக ஒரு மாதம் காத்திருப்பதற்கு ஏறத்தாழ 325 பவுண்டு செலவாகும். ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டால் அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு மிச்சமாகும். ஆகவே, 14 நாள் பற்றித் தரகர் சொன்னது உங்களுக்கு உறுதியாக நினைவிருந்தால், ஒரு மாதம் காத்திருப்பது நியாயமான முடிவு. ‘அப்படித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்’ என்ற அளவில்தான் என்றால், காத்திருக்க வேண்டாம். எதுவானாலும் மூன்று மாதம், நான்கு மாதம் என்று இழுக்க விடாதீர்கள். கோபத்தில் எடுத்த முடிவு ஒருமுறை உங்களுக்குச் செலவு வைத்துவிட்டது.

பழைய நிறுவனத்தின் ஆட்சேபம் நீங்கியதும் புதிய நிறுவனம் மாற்றத்தை மீண்டும் தொடங்கலாம். அதன் பிறகு தொழில்நுட்ப அளவில் அது சில வேலை நாட்களிலேயே முடிந்துவிடும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே புதிய நிறுவனத்துக்கு மூன்று செய்திகளை எழுதுங்கள்: தவறான கூற்றின் பேரில் சம்மதம் பெறப்பட்டதாக நீங்கள் கருதுகிறீர்கள், பதிவைக் கேட்டு முடிக்கும்வரை மாற்றத்தை நிறுத்திவைக்கக் கோருகிறீர்கள், அதற்கு மாறாக மாற்றம் நடந்தால் அது உங்கள் உரிமைகளைக் கைவிட்டதாக ஆகாது. இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் மாற்றிவிட்டால், பில்லைக் கட்டிக்கொண்டே இழப்பீட்டுக்காகப் போராடலாம்.

பதிவு வந்து, அதில் 14 நாள் பேச்சு இருந்தால், தாமதிக்காமல் ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதாக அறிவியுங்கள். ஆனால் உங்களை விடுவித்ததாகப் புதிய நிறுவனம் எழுத்தில் தரும்வரை 25 பென்ஸ் நிறுவனத்திடம் சம்மதம் சொல்லாதீர்கள். ஒரே மீட்டருக்கு இரண்டு ஒப்பந்தங்கள் செய்துவிட்டு, வராத மின்சாரத்துக்கு இழப்பீடு கட்டியவர்கள் உண்டு. பதிவில் ஒன்றும் இல்லை என்றால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். 41 பென்ஸிலிருந்து 29 பென்ஸுக்கு வருவதும் ஒரு முன்னேற்றம்தான். அப்போதும் தரகரிடம் தரகைக் குறைக்கச் சொல்லிப் பேசிப்பார்க்கலாம். புகார் பதிவான பிறகு அந்தப் பேச்சுக்குச் செவி கிடைப்பது என் அனுபவம்.

புகார் எங்கே

உங்கள் கடை குறுந்தொழில் என்ற வரையறைக்குள் தெளிவாக வருகிறது: ஆண்டுக்கு 1,00,000 யூனிட்டுக்கு மேல் செலவழிக்காதது அல்லது பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்களும் 20 லட்சம் யூரோவுக்கு மேற்படாத விற்றுமுதலும் கொண்டது. (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த வரம்பை யூரோவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.) ஆகவே மின் நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மன் அமைப்பை இலவசமாக அணுகும் உரிமை உங்களுக்கு உண்டு. 2024 டிசம்பர் முதல் ஐம்பது பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள தொழில்களுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது ‘இனிப் பேச ஒன்றுமில்லை’ என்ற இறுதிக் கடிதம் வந்திருக்க வேண்டும். ‘இது முறையான புகார்’ என்ற சொற்களை மின்னஞ்சலின் தலைப்பிலேயே எழுதுங்கள். வெறும் தகவல் விசாரிப்பு என்று அதை ஒதுக்கிவிட்டு, புகாரே வரவில்லை என்று நிறுவனம் பிறகு சொல்வதற்கு இடமிருக்காது. ஆம்புட்ஸ்மனின் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உங்கள் உரிமை அப்படியே இருக்கும். குறுந்தொழில்களுக்கு விற்கும் தரகர்களும் ஒரு தகராறு தீர்வுத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2022 டிசம்பர் முதல் விதி. ஆகவே பழைய நிறுவனம், புதிய நிறுவனம், தரகர் என்று மூன்று புகார்கள், மூன்று தனி மின்னஞ்சல்கள். ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பெயர் கேள்விப்படாத நிறுவனம் மூடிவிட்டால் என்னாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2021இல் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூடின. யாருடைய விளக்கும் அதனால் அணையவில்லை. ஆஃப்ஜெம் வேறொரு நிறுவனத்தை நியமிக்கும். உங்கள் விலை போய்விடும், புதியவரின் டீம்டு விலை வரும். வீட்டு வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு உள்ள உத்தரவாதம் கடைக்காரரின் முன்பணத்துக்கு இல்லை என்பதால், மாதத் தவணையை அதிகமாக வைத்துக் கணக்கில் பணம் சேரவிடாதீர்கள்.

மாடி அறை

இதை நீங்கள் ஒரு பக்கக் குறிப்பாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் எனக்கு இது சிறிய விஷயமாகப் படவில்லை. குடியிருப்புத் தேவைக்காக மின்சாரத்தை மறுவிற்பனை செய்பவர், தாம் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆஃப்ஜெமின் மறுவிற்பனை உச்சவிலை விதி இதைத்தான் சொல்கிறது. யூனிட் விலையோடு, நிலைக் கட்டணத்திலும் வரியிலும் வாடகைக்கு இருப்பவரின் நியாயமான பங்கைச் சேர்க்கலாம். அதற்கு மேல் ஒரு பென்னிகூட லாபம் வைக்க முடியாது. 50 பென்ஸ் என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அவர் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாள் இருக்கவேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் 29 பென்ஸுக்கு மாறும் நாளிலிருந்து அவருடைய விலையும் இறங்கவேண்டும்.

வாட் வரி பற்றியும் ஒரு திருத்தம். ‘சிறு கடைக்கு 5 சதவீதம்தான்’ என்று தரகர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. நாளுக்குச் சராசரியாக 33 யூனிட்டுக்கு மேற்படாத இடங்களுக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் 90 யூனிட்டுக்கு 20 சதவீதமும், பருவநிலை மாற்ற வரியும் உண்டு. ஆனால் மாடி அறையின் பங்கு குடியிருப்புப் பயன்பாடு. மொத்தத்தில் 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் குடியிருப்புப் பயன்பாடாக இருந்தால் முழு பில்லுக்கும் குறைந்த வரி. அதற்குக் குறைவாக இருந்தால் அந்தப் பங்குக்கு மட்டும். துணை மீட்டர் வைத்திருக்கிறீர்கள் என்பதால் பங்கைக் காட்டுவது எளிது. நிறுவனத்திடம் வாட் சான்றிதழ்ப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் வாட் பதிவு பெற்றவராக இருந்தால், கடைப் பங்குக்குக் கட்டிய வரியை எப்படித் திரும்பப் பெறுவது என்று கணக்காளரைக் கேளுங்கள்.

கடைசியாக, மாற்றம் எந்த நாளில் நடந்தாலும், அன்று கடையைத் திறக்கும்போது முதல் வேலையாக மீட்டரின் எண்களையும், அதன் மீது ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, துணை மீட்டரையும் படம் எடுத்து, இரண்டு நிறுவனங்களுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள். பில்லில் பெரிய ‘எஸ்’ எழுத்துக்குப் பக்கத்தில் கட்டமிட்டிருக்கும் எண்ணில், மின் இணைப்பை அடையாளம் காட்டும் 13 இலக்க எம்.பி.ஏ.என். உங்கள் மீட்டருக்கு உரியதுதானா, பக்கத்துக் கடைக்கு உரியதா என்று முதல் பில் வந்ததும் ஒப்பிடுங்கள். ஒலிப்பதிவு வந்த பிறகு, விரும்பினால் அதன் எழுத்துவடிவத்தை எனக்கு அனுப்புங்கள். 14 நாள் பற்றிய வாக்கியம் எந்த இடத்தில், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு ரத்துக் கடிதத்தின் வாசகத்தைச் சொல்கிறேன்.